சூரியன் ஏழு மணிக்கு உதித்த ஆண்டுகள்

1942 செப்டம்பர் முதல் தேதி தொடங்கி 1945 அக்டோபர் பாதி வரை இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் ஓடின. போர்க்கால ஏற்பாடு அது. அந்த மூன்று ஆண்டுகளும் மாயவரத்தில் கடிகாரக் கணக்குப்படி சூரியன் உதித்தது ஏழு மணி வாக்கில். மார்கழியில் ஏழேகாலும் தாண்டிவிடும். ஆகவே 1943-இல் நடக்கும் கதையில் அந்தக் கடிகாரப்படி காலை ஆறு மணிக்கு முற்றத்தில் இளவெயில் விழுந்தால் அது பிழை. ஆறு மணிக்கு வானத்தில் நட்சத்திரம் இருக்கும்.

நாற்பதுகளின் மாயவரத்தை வைத்து நாவல் எழுதிய காலத்தில்தான் எனக்கு இது தெரியவந்தது. தெரிந்தவர் வீட்டுப் பழைய கடிதக் கட்டு ஒன்றைப் படிக்கக் கொடுத்திருந்தார்கள். ரயிலடிக்கு வண்டி அனுப்பச் சொல்லும் ஒரு கடிதத்தில் மணியை எழுதி, அது பழைய நேரமா புது நேரமா என்பதையும் பக்கத்திலேயே குறித்திருந்தார்கள். அந்தக் குறிப்பைப் பின்தொடர்ந்து போய்த்தான் விஷயத்தைப் பிடித்தேன். அப்புறம் வயதானவர்களிடம் கேட்டால், ஆமாம், ஆபீசுக்கும் ரயிலுக்கும் ஒரு நேரம், வீட்டுக்கும் கோயிலுக்கும் ஒரு நேரம் என்று இரண்டையும் வைத்துக்கொண்டுதான் வாழ்ந்தோம் என்கிறார்கள்.

கடந்த காலக் கதை எழுதுகிறவர்கள் உடை, ஆயுதம், மாளிகை, அரசியல் நிகழ்ச்சி இவற்றையெல்லாம் தேடிப் படித்துவிடுகிறார்கள். தெரியாது என்று தெரிந்திருப்பதால் தேடுகிறார்கள். பிழை நுழைவது வேறு வாசல் வழியாக. விடியற்காலை, நிலா, சில்லறை, விளக்கு, குழம்பு என்று யாருக்கும் சந்தேகமே வராத இடங்களில்தான் காலம் நம்மைக் கைவிடுகிறது. என் அனுபவத்தில் நான் கற்றதை ஒரே வரியில் சொல்லச் சொன்னால், சரிபார்க்கத் தேவையில்லை என்று தோன்றுவதை முதலில் சரிபாருங்கள் என்பேன்.

நிலாவை எடுத்துக்கொள்வோம். 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவு, தேசம் விடுதலை பெறுகிறது. நிலா வெளிச்சத்தில் ஊர்வலம் போவதாக எழுத எந்த எழுத்தாளருக்கும் கை பரபரக்கும். ஆனால் அது ஆடி மாதத்தின் கடைசி, 16-ஆம் தேதி அமாவாசை. நள்ளிரவில் வானத்தில் நிலாவே கிடையாது; தேய்ந்துபோன கீற்று விடியும் முன்புதான் எழும். அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தைப் புரட்டினால் இது தெரிந்துவிடும். கிடைக்காவிட்டால் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கணித்த அட்டவணைகள் இருக்கின்றன. கிழமை, திதி, நட்சத்திரம் என்று பல நூற்றாண்டுகளுக்கு அவர் போட்டு வைத்துவிட்டார். கதைக்குத் தேதி குறித்ததும் நான் பக்கத்திலேயே கிழமையையும் திதியையும் எழுதிவிடுவேன். அதிலிருந்து மற்றவை தானாக வரும். கிருத்திகை என்றால் யார் சாப்பிட மாட்டார்கள், வெள்ளிக்கிழமை என்றால் வாசலில் என்ன வேலை நடக்கும், அமாவாசை என்றால் வீட்டில் யாருக்காகக் காத்திருப்பார்கள் என்பதெல்லாம் காட்சிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இருட்டும் வரும். மின்சாரம் வராத ஊரில் அமாவாசைக்கு முந்தைய இரவில் இரண்டு பேர் சந்தித்தால், ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கவே முடியாது. குரலை வைத்துத்தான் காட்சியை எழுத வேண்டும். அப்படி எழுதும்போது காட்சி மேம்படுகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

காசு விஷயத்தில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். 1957 ஏப்ரல் 1-க்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 காலணா, அல்லது 12 தம்பிடி. பத்துப் பைசாவும் இருபத்தைந்து பைசாவும் அதற்குப் பிறகு வந்தவை. 1964 வரை அவை ‘நயா பைசா’. கிலோவும் லிட்டரும் 1958-க்குப் பிறகு படிப்படியாக நுழைந்தன. அதற்கு முன் புளியும் வெல்லமும் வீசைக் கணக்கு, நெல்லும் அரிசியும் படியும் மரக்காலும் கலமும். ஒரு வீசைக்கு 40 பலம், இன்றைய கணக்கில் ஏறக்குறைய 1.4 கிலோ. படியின் அளவு ஊருக்கு ஊர் மாறும். பட்டணம் படி வேறு, உள்ளூர்ப் படி வேறு. இதை வைத்தே கடைக்காரரும் வாங்க வந்தவரும் சண்டை போடும் ஒரு காட்சியை எழுதலாம்.

விலையை மட்டும் தெரிந்துகொண்டு நிறுத்திவிடாதீர்கள். காப்பி ஓரணா என்று எழுதினால் இன்றைய வாசகருக்கு அது மலிவாகத்தான் தோன்றும். பாத்திரத்தின் மாதச் சம்பளம் என்ன, அதில் எத்தனை காப்பி வரும், எத்தனை படி அரிசி வரும், சென்னைக்கு ஒரு மூன்றாம் வகுப்பு டிக்கெட் எத்தனை நாள் சம்பளம் என்று ஒரு தாளில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் ஒரு குமாஸ்தா என்றால், அவர் தங்கையைப் பார்க்க மாதாமாதம் போக முடியுமா, வருஷத்துக்கு ஒரு முறைதான் முடியுமா என்பதை அந்தத் தாள் சொல்லும். என் நாவலில் ஒரு உறவு முறிவதற்கான காரணமே இந்தக் கணக்கிலிருந்துதான் கிடைத்தது.

இந்த விவரங்கள் எங்கே கிடைக்கும் என்று இளம் எழுத்தாளர்கள் கேட்கிறார்கள். எழும்பூர் ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகியவை முதல் வாசல்கள். அங்கே போனதும் பழைய விகடனையும் கல்கியையும் சுதேசமித்திரனையும் எடுத்துக் கதை படிக்க உட்கார்ந்துவிடுவோம். ஆனால் எனக்கு அதிகம் கைகொடுத்தவை விளம்பரங்கள். என்ன விற்றார்கள், என்ன விலைக்கு, யாருக்கு ஆசை காட்டினார்கள், எந்த நோய்க்கு எல்லோரும் மருந்து தேடினார்கள் என்பதெல்லாம் அங்கே வெளிப்படையாகக் கிடைக்கும். அடுத்தது ரயில்வே கால அட்டவணை. தெற்கு ரயில்வே உருவானது 1951-இல்; அதற்கு முன் மாயவரம் வழியாக ஓடியது சவுத் இந்தியன் ரயில்வே. எழும்பூரில் எத்தனை மணிக்கு ஏறினால் எந்த ஊரில் பொழுது விடியும் என்பது தெரியாமல் ஒரு பயண அத்தியாயத்தை எழுதவே கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் மதிப்பது வீட்டுக் கணக்கு நோட்டு. கல்யாணச் செலவு, சீமந்தச் செலவு, வண்ணார் கணக்கு, அடகுச் சீட்டு. கவிதையும் கடிதமும் எழுதுகிறவர்கள் கொஞ்சம் அழகுபடுத்துவார்கள். கணக்கு எழுதுகிறவருக்கு அந்த எண்ணம் வராது.

புகைப்படத்தை நம்பும்போது கவனம் தேவை. ஸ்டூடியோவுக்குப் போகிறவர்கள் பெட்டியிலிருந்து நல்ல துணியை எடுத்து உடுத்திப் போனார்கள். சிலர் ஸ்டூடியோவிலேயே கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். அன்றாட உடையை அதில் தேடக் கூடாது. பிற்காலத்தில் எடுத்த சினிமாவைப் பார்த்து எழுதுவது அதைவிட ஆபத்து.

முதியவர்களிடம் கேட்பது ஒரு தனிக் கலை. ‘அந்தக் காலத்தில் எப்படி இருந்தது பாட்டி?’ என்று கேட்டால், ‘எல்லாம் நன்றாக இருந்தது, இப்போதுதான் கெட்டுவிட்டது’ என்ற பதில்தான் வரும். கை செய்த வேலைகளைக் கேளுங்கள். காலையில் முதலில் எழுந்தது யார், காப்பிக்கொட்டையை வறுத்தது யார், தண்ணீர் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது, அரிக்கேன் விளக்கின் சிமினியை எதைக் கொண்டு துடைத்தீர்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு பாட்டி உடனே தம் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார். சிமினிக்குள் சிறிய கைதான் நுழையும், அதனால் அந்த வேலை எப்போதும் குழந்தைகளுக்கு வரும் என்றார். எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத ஒன்று அது. என் நாவலில் ஒரு சிறுமியின் மாலைப்பொழுது முழுக்க அதிலிருந்து வந்தது.

ஆனால் ஆண்டுகளை முதியவர்களிடம் கேட்டு அப்படியே எழுதிவிடக் கூடாது. ‘ஹரிதாஸ்’ பார்த்த தீபாவளி என்று ஒருவர் சொன்னால், அது எந்தத் தீபாவளி? 1944 தீபாவளிக்கு வெளியான அந்தப் படம் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. இன்னொன்று: படச்சுருள் தட்டுப்பாட்டால் அப்போது ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்பாடு. அதாவது சுமார் இரண்டு மணி நேரம். முப்பதுகளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடிய படங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம்! உங்கள் கதாபாத்திரங்கள் கொட்டகையிலிருந்து வீடு திரும்பும் நேரமே மாறிவிடுகிறது.

சோழர் காலத்தையோ அதற்கு முந்தைய காலத்தையோ எழுதுகிறவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி எதுவும் அன்று இங்கே இல்லை. போர்ச்சுக்கீசியர் வருகைக்குப் பிறகே இவை நம் மண்ணுக்கு வந்தன. காரம் வேண்டுமென்றால் மிளகு. சோழருக்குப் பிறகு வந்த சேதுபதியின் குதிரைவீரன்கூட ராமநாதபுரத்துப் பொட்டலில் சீமைக்கருவேல மரத்தடியில் ஒதுங்க முடியாது; அந்த மரமும் பின்னால் வந்ததுதான்.

இவ்வளவும் தேடிச் சேர்த்த பிறகு எதைச் சொல்லாமல் விடுவது என்ற கேள்வி வரும். 1943-இல் வாழும் ஒரு பெண் அரிக்கேன் விளக்கைக் கண்டு வியக்க மாட்டாள்; பித்தளைத் தவலையை வர்ணிக்க மாட்டாள். அவை எப்போதும் இருப்பவை. அவள் கண்ணில் படுவது அந்த வருஷம் புதிதாக வந்ததும், அந்த வருஷம் கிடைக்காமல் போனதும்தான். நடுவில் துளையோடு வந்த புதுக் காலணா. மண்ணெண்ணெய் கிடைக்காத கவலை. பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் திணறி ஓடும் பஸ். பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் நின்றுபோன ரங்கூன் அரிசி. பாத்திரத்தின் கண்ணுக்குப் புதிதாக இருப்பதை மட்டும் எழுதுங்கள். பழகியதைக் கை தொட்டுப் போகட்டும். நான் திரட்டிய குறிப்புகளில் பெரும்பகுதி நாவலுக்குள் வரவில்லை. வராதவைதாம் வந்தவற்றைப் பிழையில்லாமல் காத்தன என்று உறுதியாக நம்புகிறேன்.

பொருளைவிடக் கடினமானது மனம். 1942 ஏப்ரல் 5-இல் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. அடுத்த சில நாட்களில் சென்னை காலியாகத் தொடங்கியது. எழும்பூரில் முண்டியடித்து ரயிலேறிய ஒருவருக்குப் போர் 1945-இல் முடியும் என்று தெரியாது. ஐந்தாண்டில் வெள்ளைக்காரன் போய்விடுவான் என்றும் தெரியாது. விட்டுப்போகும் வீட்டுக்கு என்றாவது திரும்பி வருவோமா என்பதே தெரியாது. வரலாறு முடிந்த பிறகு எழுதுகிற நமக்குத் தெரிந்ததெல்லாம் அவர் பேச்சில் கசிந்துவிடுகிறது. 1935-இல் சாதாரணப் பேச்சில் ‘முதல் உலகப் போர்’ என்று சொல்லியிருக்க மாட்டார்கள்; இரண்டாவது வரவேயில்லை.

சாதி விஷயத்தில் இந்தக் கசிவு இன்னும் மோசமாக நடக்கிறது. நமக்குப் பிடித்த நாயகனையும் நாயகியையும் இன்றைய நியாய உணர்வோடு படைத்து, அன்றைய வேட்டி சேலையை உடுத்தி நிறுத்திவிடுகிறோம். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் 1941 வரை பிராமணருக்குத் தனி இடம் இருந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோரும் நாடார்களும் நுழைந்தது 1939 ஜூலையில்தான். இவற்றை எதிர்த்தவர்கள் அன்றும் இருந்தார்கள்; சுயமரியாதை இயக்கம் இருந்தது, காங்கிரசுக்குள்ளேயே போராடியவர்கள் இருந்தார்கள். உங்கள் பாத்திரம் அவர்களில் ஒருவர் என்றால் தாராளமாக எழுதுங்கள். அதற்காக அவர் வீட்டிலும் தெருவிலும் கொடுத்த விலையையும் சேர்த்து எழுதுங்கள். விலை கொடுக்காத முற்போக்கு அந்தக் காலத்தில் கிடையாது. கொடுமையைத் துடைத்து எடுத்துவிட்டு அக்ரகாரத்தையும் பண்ணை வீட்டையும் அழகாக மட்டும் காட்டுகிற கதையை நான் காலப் பிழை என்றே சொல்வேன், அதில் ஒவ்வொரு அணாவும் சரியாக இருந்தாலும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் கணக்கு நோட்டோ, கடிதக் கட்டோ, பழைய பஞ்சாங்கமோ இருந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். யாருடையது, எந்த ஊர் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அதன்மேல் கட்டி வையுங்கள். வீட்டில் வைத்துக் காக்க இடமில்லையென்றால் பக்கத்தில் உள்ள ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள்.