காக்கும் அணுக்கள்

நாய் கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவினால் விஷம் இறங்கிவிடும் என்பது எங்கள் எஸ்டேட்டில் இன்றும் பலரது நம்பிக்கை. சென்ற ஆண்டு என் தம்பியின் காலில் தெருநாய் கடித்தபோது, எங்கள் அப்பாயியும் சுண்ணாம்பு டப்பாவைத்தான் தேடினார். எங்கள் லயத்திலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். கற்ற கல்வி அன்று கைகொடுத்தது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி, அவனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அங்குப் போட்ட ஊசி உடலுக்குள் யாரை எழுப்புகிறது? அதையே இங்கு எழுத விழைகிறேன்.

நம் இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெள்ளை அணுக்கள் உள்ளன. இவற்றில் பாதிக்கு மேற்பட்டவை நியூட்ரோபில்கள். காயம் பட்டதும் விரைந்து வந்து, கிருமிகளை விழுங்கித் தாமும் மடிபவை இவை. நாம் அருவருக்கும் சீழில் பெரும்பகுதி இவ்வீரர்களின் உடல்களே! அடுத்து வருபவை மாக்ரோபேஜ் எனும் பெருவிழுங்கிகள். அணுக்கள் இவ்வாறு விழுங்கிக் காப்பதை 1882ஆம் ஆண்டு நட்சத்திர மீனின் இளவுயிரியில் ஆராய்ந்த மெச்னிகாப், 1908இல் நோபல் பரிசு பெற்றார்.

இவை எக்கிருமியையும் எதிர்க்கும் பொதுக் காவலர்கள். ஒரு குறிப்பிட்ட பகைவனை அடையாளம் கண்டு தாக்குபவை லிம்போசைட்டுகள். தோலிலுள்ள டென்ட்ரைட்டிக் அணு, பகைவனின் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு நிணநீர் முடிச்சுக்குச் சென்று காட்டுகிறது. உதவி டி அணு அதை அறிந்து ஏனைய அணுக்களைத் தூண்டுகிறது. கொல்லும் டி அணு, வைரஸ் புகுந்த அணுக்களை அழிக்கிறது. பி அணு பிளாஸ்மா அணுவாக மாறி எதிர்ப்பொருளைச் சுரக்கிறது. போர் முடிந்தபின் சில அணுக்கள் நினைவணுக்களாக நெடுங்காலம் வாழ்கின்றன.

இத்தனை காவல் இருந்தும் ஊசி எதற்கு? ரேபிஸ் வைரஸ் இரத்தத்தில் உலாவாமல் நரம்பு வழியே மெல்ல மூளையை நோக்கி நகர்கிறது. அதனால் காவலர்களின் கண்ணில் அது எளிதில் படுவதில்லை. நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. எனவே, கொல்லப்பட்ட வைரஸைத் தடுப்பூசியாகச் செலுத்தி, உண்மைப் பகைவன் மூளையை எட்டுமுன் நம் அணுக்களுக்குப் பாடம் புகட்டுகிறோம். அவை கற்று முடிக்க ஒன்று அல்லது இரண்டு வாரங்களாகும். கடி ஆழமாயின், அதுவரை காக்க ஆயத்த எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினைக் காயத்திலேயே செலுத்துகின்றனர்.

இப்போரில் நம் மலைக்கும் பங்குண்டு. குன்னூர் சிம்ஸ் பூங்காவிற்கு அருகிலுள்ள பாஸ்டர் நிறுவனம், வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்காகவே 1907இல் தொடங்கப்பெற்றது. முன்னாளில் ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த தடுப்பு மருந்தே வழக்கிலிருந்தது. 2004இல் இந்தியாவில் அது கைவிடப்பட்டு, அணு வளர்ப்பு முறையில் தயாராகும் பாதுகாப்பான மருந்து அதன் இடத்தைப் பிடித்தது.

தம்பிக்கு 0, 3, 7, 28ஆம் நாட்களில் ஊசி. மூன்று முடிந்ததும் அப்பா, "காயந்தான் ஆறிப்போச்சே, இன்னொரு நாள் கூலியும் போகணுமா?" என்றார். "காயம் ஆறிருச்சுப்பா, உள்ள இருக்கிற படைக்குப் பயிற்சி முடியலை" என்று மேற்கண்டவற்றை என்னால் இயன்றவரை விளக்கினேன். அப்பா பதில் பேசவில்லை. 28ஆம் நாள் காலை அவரே தம்பியை அழைத்துக்கொண்டு முதல் பேருந்தில் சென்றார்.

முழுமையாக ஊசி போட்டவரை மீண்டும் நாய் கடித்தால் இரண்டே ஊசிகள் போதும், இம்யூனோகுளோபுலினும் வேண்டியதில்லை. நினைவணுக்கள் உள்ளன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நண்பர்களே! அணுக்கள் கற்ற பாடத்தை மறப்பதில்லை. நாம் கற்றதையும் நம் வீட்டாருக்கு எடுத்துரைப்போமாக!