கோடை ஊட்டிக்கு எந்த டூர் பஸ்?

சித்திரை பிறந்துவிட்டது. ‘ஊட்டி, குன்னூர், பைக்காரா: இரண்டே நாள், இருபது இடம்’ என்று தெருமுனையில் தட்டி வைத்திருப்பார்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் அந்த இருபதைக் கொஞ்சம் யோசியுங்கள். அரசு தாவரவியல் பூங்கா மட்டுமே 22 ஹெக்டேர். மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் அதை நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரமாவது வேண்டும். தொட்டபெட்டாவில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதற்கே காத்திருக்க நேரும். ஒரு நாளைக்கு ஐந்து இடத்துக்கு மேல் சொல்லும் டூரை நம்ப வேண்டாம். எத்தனை இடம் என்று கேட்காதீர்கள்; ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு நேரம் இறக்கிவிடுவீர்கள் என்று கேளுங்கள்.

வீட்டில் பெரியவர்களும் சிறு பிள்ளைகளும் இருந்தால், சென்னையிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார வைத்து, விடிந்ததும் சுற்றிக்காட்டும் பேக்கேஜ் வேண்டவே வேண்டாம். நீலகிரி எக்ஸ்பிரஸில் படுத்துத் தூங்கி மேட்டுப்பாளையம் போய், அரசுப் பேருந்தில் மலையேறி, ஊட்டியில் அறை எடுத்து, மறுநாள் உள்ளூர் டூர் பஸ்ஸில் சுற்றுவது உடம்புக்கு நல்லது. முதல்முறை போகிறவர்களுக்கும் பெண்கள் குழுவாகப் போவதற்கும் சாப்பாடு, தங்கல், கைடு எல்லாம் சேர்ந்த பேக்கேஜ் வசதிதான். ஆனால் கைடு கூடவே இறங்கி வருவாரா, பஸ்ஸுக்குள் மைக்கில் பேசுவதோடு சரியா என்று கேட்டுவிடுங்கள். படகு, பூங்கா நுழைவுக் கட்டணங்கள் யார் பொறுப்பு என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். இளவட்டங்களுக்கு டூர் பஸ்ஸே தேவையில்லை. சீசனில் அரசுப் போக்குவரத்துக் கழகம் ஊட்டிக்குள் சுற்றுப் பேருந்து விடுவதுண்டு. ஒரே டிக்கெட்டில் வேண்டிய இடத்தில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். பஸ் நிலையத்தில் விசாரியுங்கள்.

மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பின்சக்கரத்தைத் தாண்டிய கடைசி வரிசைகள்தான் அதிகம் தூக்கிப்போடும். வாந்தி வருகிறவர்களுக்கு முன்பாதியில் ஜன்னலோர இருக்கை எண்ணை இப்போதே கேட்டு வாங்குங்கள்.

சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழி ஏற்பாடு வழக்கம். ‘திரும்பும்போது சிம்ஸ் பூங்கா’ என்று அட்டவணையில் இருந்தால், குன்னூரில் இருக்கும் பூங்காவுக்கு அது எப்படி முடியும் என்று நேராகவே கேளுங்கள். தண்ணீரை ஸ்டீல் பாட்டிலில் எடுத்துப் போங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை.

கடைசியாக, நீலகிரிக்குள் வண்டி நுழைவதற்கான இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நாளொன்றுக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வைத்தார்கள். ஆகவே கூட்டம் குறைந்த செவ்வாய் முதல் வியாழனுக்குள் ஒரு தேதியைப் பாருங்கள். அரசுப் பேருந்துக்கு இ-பாஸ் வேண்டாம், தனியார் டூர் பஸ்ஸுக்குக் கட்டாயம். ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்’ என்றால் அடுத்த ஏஜென்ட்டிடம் போங்கள். வண்டி எண்ணோடு இ-பாஸைக் கண்ணால் பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.