குரங்கின் குரலும் குருவியின் பாட்டும்

உடலமைப்பில் மனிதனுக்கு நெருங்கிய பிராணியே, குரலைப் பயிலுவதிலும் மனிதனை ஒத்திருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ரீசஸ் குரங்கையும் ஜீப்ரா பின்ச் என்னும் குருவியையும் ஒப்பிட்டு நோக்கின், இவ்வெண்ணம் பிழை என்பது விளங்கும். முன்னது வட இந்தியக் கோயில்களிலும் ரயில் நிலையங்களிலும் சாதாரணமாகக் காணப்படுவது. பின்னது ஆஸ்திரேலியாவில் வாழ்வது; சுமார் 12 கிராம் எடையுள்ளது; நம் வயல்களிலுள்ள சில்லைகளின் குடும்பத்தைச் சேர்ந்தது.

அமெரிக்காவில் ரீசஸ் குட்டிகள் சிலவற்றை ஜப்பானியக் குரங்குகளிடமும், ஜப்பானியக் குட்டிகள் சிலவற்றை ரீசஸ் குரங்குகளிடமும் வளரவிட்டனர். வளர்ப்புத் தாயின் குரலைப் பொருளறிந்து கேட்கக் குட்டிகள் கற்றன. ஆயினும் அவை எழுப்பிய ஒலி பெரும்பாலும் தம் இனத்திற்குரியதாகவே இருந்தது என்று 1993இல் வெளியான ஆய்வு கூறிற்று.

குருவியின் நிலை வேறு. ஜீப்ரா பின்ச் குஞ்சுகளை வங்காளச் சில்லை என்னும் வளர்ப்புப் பறவைகளிடம் விட்டபோது, ஆண் குஞ்சுகள் வளர்ப்புத் தந்தையின் பாட்டையே பாடின. இதனை ஜெர்மானிய விஞ்ஞானி கிளாஸ் இம்மெல்மான் 1969இல் வெளியிட்டார். இவ்வினத்தில் பெண் பறவை பாடுவதில்லை. ஆண் குஞ்சு முட்டையிலிருந்து வெளிவந்த சுமார் 90 நாட்களுக்குள், பாட்டைக் கேட்டு நினைவிற் கொண்டு, தன் குரலோடு ஒப்பிட்டுத் திருத்திப் பயிலுகிறது.

இவ்வேற்றுமைக்குக் காரணம் தொண்டையன்று. குரங்கின் வாயும் தொண்டையும் பேச்சொலிகளுக்குப் போதுமானவை என்று 2016இல் எக்ஸ்-ரே படங்களைக் கொண்டு காட்டப்பட்டது. காரணம் மூளையில் உள்ளது. குருவியின் முன்மூளையில் பாட்டுக்கென்றே தனி நரம்புத் தொகுதிகள் அமைந்து, குரலுறுப்பை இயக்கும் நரம்புகளுடன் இணைந்துள்ளன. குரங்கிடம் இத்தகைய நேர்த்தொடர்பு வளர்ச்சியுறவில்லை.

கற்றுப் பெறும் பாட்டு, கற்பிப்போர் குறைந்தால் அழியவும் கூடும். ஆஸ்திரேலியாவில் அருகிவிட்ட ரீஜென்ட் ஹனிஈட்டர் என்னும் பறவையினத்தில், இளம் ஆண்களுட் சில, முதிர்ந்த ஆண்களின் பாட்டைக் கேட்க வாய்ப்பின்றி வேற்றினப் பாட்டைப் பாடுவது 2021இல் வெளியான ஆய்வில் அறியப்பட்டது. அத்தகைய பறவைகளுக்குத் துணை கிடைப்பதும் அரிதாயிற்று.

ஆதலின், காட்டில் பாடும் பறவைகளைக் கணக்கிடும் ஊழியர், எண்ணிக்கையோடு பாட்டின் தன்மையையும் குறித்துக்கொள்ளுதல் நன்று. முதிர்ந்த ஆண் பறவை ஒன்று பிடிபட்டால், குஞ்சுகள் தந்தையை மட்டுமன்றி ஆசானையும் இழக்கின்றன என்பதை ஆசிரியர்கள் மாணவர்களுக்கு உணர்த்தலாம்.