கடை வாசலில் மூன்று படி

கேள்வி: எனக்கு வயது 52. சிறு வயதில் போலியோ தாக்கியதால் சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். எங்கள் கடைவீதியில் மருந்துக் கடை, ஜவுளிக் கடை எல்லாவற்றுக்கும் மூன்று படி. "என்ன வேணும்னு சொல்லுங்கம்மா, வெளியிலேயே கொண்டாந்து தர்றோம்" என்கிறார்கள். மாத்திரைக்கு அது சரி. புடவையை நடுத்தெருவிலா பிரித்துப் பார்ப்பேன்? சாய்தளம் கேட்டால், "தனியார் கடைக்குக் கட்டாயமில்லை" என்கிறார் ஜவுளிக் கடைக்காரர். உண்மையா?
- வாசகி, கரூர்

பதில்: உண்மையில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 'பொதுக் கட்டடம்' என்று சொல்வதில் மக்கள் வந்துபோகும் தனியார் வணிகக் கட்டடமும் அடக்கம். ஏற்கெனவே உள்ள கட்டடங்களை, விதிகள் வெளியான ஐந்தாண்டுக்குள் மாற்றியமைக்கச் சொல்கிறது பிரிவு 45. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022-லேயே முடிந்துவிட்டது.

'கட்டாயமில்லை' என்ற பேச்சுக்கு உச்ச நீதிமன்றமும் பதில் சொல்லிவிட்டது. ராஜீவ் ரதுரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று, சட்டம் கட்டாயமாக்கியதை வெறும் பரிந்துரையாகச் சுருக்கிய விதி 15(1) செல்லாது என்றது. கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கவும் உத்தரவிட்டது.

கேட்கும்போது அளவோடு கேளுங்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளக் கணக்கு. மூன்று படி ஒன்றரை அடி என்றால் பதினெட்டு அடி வேண்டும். அதைத் தெருவை நோக்கி இறக்கினால் ஆக்கிரமிப்பாகிவிடும். கடைச் சுவரை ஒட்டியோ பக்கவாட்டு வாசலிலோ அமைக்கலாம். மடக்குப் பலகை ஒரு படிக்குச் சரி. மூன்று படிக்குப் போட்டால் செங்குத்தாகி நாற்காலி பின்பக்கம் கவிழும். பெரும் சுமையாகாத மாற்றத்தையும் செய்ய மறுத்தால், அதுவே சட்டப்படி பாகுபாடு.

முதலில் படிகளின் உயரத்தை அளந்து, படம் எடுத்து, கடைக்காரருக்கு ஒப்புகையுடன் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் ஒரு நகல். அதற்கும் அசையாவிட்டால் சென்னையிலுள்ள மாநில ஆணையரிடம் முறையிடலாம். விசாரணைக்கு ஆளை வரவழைப்பதில் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கும் உண்டு. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை.

கடிதத்தில் 'தயவுசெய்து உதவுங்கள்' என்று எழுத வேண்டாம். 'பிரிவு 45-இன்படி' என்றே தொடங்குங்கள்.