அரக்கனின் கையைப் பிடித்தவன்

போன செமஸ்டர் விடுமுறையில் ரூம்மேட் விடாமல் சொன்னதால் 'டீமன் ஸ்லேயர்' முதல் சீசனைப் பார்க்க உட்கார்ந்தேன். கொயோஹாரு கொதோகேயின் மங்காவை வைத்து யூஃபோடேபிள் ஸ்டூடியோ 2019-இல் எடுத்த அனிமே, மொத்தம் 26 எபிசோட். சும்மா வாள்சண்டை பார்க்கலாம்னுதான் ஆரம்பிச்சேன். நாலாவது எபிசோடில் நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். ஏன் என்பதுதான் இந்த மாதப் பாடம்.

கதை ஜப்பானின் தாய்ஷோ காலத்தில் (1912–1926) நடக்கிறது. தான்ஜிரோ மலையில் வாழும் கரி விற்கும் பையன். ஒருநாள் வீடு திரும்பினால் அம்மாவும் தம்பி தங்கைகளும் செத்துக் கிடக்கிறார்கள். உயிரோடு மிஞ்சிய தங்கை நெசுகோ அரக்கியாகிவிட்டாள். அவளை மீண்டும் மனுஷியாக்க வழி தேடி, அரக்கர்களை வெட்டும் படையில் சேர்கிறான்.

1. வெட்டிய பிறகு

நாலாவது எபிசோடில் உடம்பெல்லாம் கைகள் முளைத்த ஓர் அரக்கன் வருகிறான். தான்ஜிரோவின் குருவிடம் பயின்ற பல சீடர்களைத் தின்றவன். தான்ஜிரோ அவன் கழுத்தை வெட்டுகிறான். உடல் கரையும்போது ஒரு கை மட்டும் நீள்கிறது. சின்ன வயதில் அண்ணன் கையைப் பிடித்து நடந்தவன், அரக்கனானதும் அந்த அண்ணனையே கொன்றவன். தான்ஜிரோவுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. ஆனால் அவனுக்கு மோப்ப சக்தி அதிகம். துக்கத்தின் வாசம் தெரிகிறது. அந்தக் கையைப் பிடித்து, அடுத்த பிறவியிலாவது இவன் அரக்கனாகக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறான்.

எனக்கும் ஓர் அண்ணன் இருக்கிறார். வட்டி முதலையிடம் கடன் வாங்கினார். அம்மாவின் சங்கிலியைக் கேட்காமலேயே அடகு வைத்தார். கடைசியில் எங்கள் கதவில் சிவப்புச் சாயத்தை வீசிட்டுப் போனாங்க. ஒன்றரை வருஷம் நான் அவரோடு பேசவில்லை. "எனக்கு அண்ணனே இல்ல"ன்னு நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

2. இரக்கம் வேறு, விட்டுவிடுவது வேறு

13-ஆவது எபிசோடில் மேளம் தட்டும் அரக்கன் கியோகாய் முன்பு எழுத்தாளன். அவன் எழுதிய தாள்களை ஒருவன் மிதித்தது ஆறாத காயம். சண்டைக்கு நடுவிலும் தான்ஜிரோ அந்தத் தாள்களை மிதிக்காமல் காலை நகர்த்துகிறான். தாள் காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு இது புரியும். அரக்கனின் திறமையைப் பாராட்டுகிறான். ஆனால் ஆட்களைக் கொன்றதை மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லிவிடுகிறான்.

21-ஆவது எபிசோடில், இறந்துபோன ரூயியின் உடையை மூத்த வீரர் கியூ மிதிக்கிறார். காலை எடுக்கச் சொல்கிறான் தான்ஜிரோ. செத்தவர்களுக்காக வாளெடுக்க அவன் தயங்கவே மாட்டான். ஆனால் அரக்கனானதை நினைத்து வருந்துபவனை மிதிக்க மாட்டான்.

நாங்கள் மெக்கானிக்கல் பாடத்தில் உடைந்த அச்சுத்தண்டை எடுத்து, விரிசல் எங்கே தொடங்கியது என்று பார்ப்போம். அதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்பதற்காக அந்தத் தண்டையே திரும்ப மாட்டிவிட மாட்டோம். இரண்டும் வேறு வேறு வேலை.

3. நமக்குத் தெரிந்த கதைதான்

சூரசம்ஹாரத்தில் முருகனின் வேல் சூரனைப் பிளக்கிறது. பிளந்த இரண்டு பாகமும் மயிலாகவும் சேவலாகவும் ஆகின்றன. ஒன்று வாகனம், ஒன்று கொடி. தைப்பூசத்தில் சின்ன வயதிலிருந்து அந்த மயிலைப் பார்க்கிறேன். அது யார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வேலும் வந்தது, இடமும் கிடைத்தது.

சீசன் முடிந்த மறுநாள் அண்ணனுக்குப் போன் பண்ணினேன். "பணம் தர முடியாதுண்ணே. சாப்பிட்டீங்களா?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சாப்பிட்டேன்டா" என்றார். அவ்வளவுதான். கடன் இன்னும் தீரல, அம்மா இன்னும் அவரோடு பேசல. நான் மட்டும் ஞாயிறுதோறும் கூப்பிடுகிறேன்.

இந்தத் தொடரில் ரத்தம் அதிகம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கவனம்.

சிந்திக்க:
• "எனக்கு அவன் யாருமே இல்லை" என்று நீங்கள் ஒதுக்கி வைத்தவர் யார்?
• அவர் செய்த தவற்றில் எதை நீங்கள் விட்டுக்கொடுக்கவே கூடாது?
• அதை விட்டுக்கொடுக்காமலே அவரிடம் இந்த வாரம் கேட்கக்கூடிய ஒரு கேள்வி என்ன?