பழைய மடிக்கணனியின் மொடெமும் லினக்ஸும்: ஒரு செயல்முறைப் பாடம்

பழைய மடிக்கணனி ஒன்றில் லினக்ஸை நிறுவுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடைப்படுகின்றனர். திரை ஒளிர்கிறது, விசைப்பலகை இயங்குகிறது, ஒலியும் கேட்கிறது. ஆனால் தொலைபேசிக் கம்பியைச் செருகும் துவாரத்தின் பின்னால் இருக்கும் மொடெம் மட்டும் வாய் திறப்பதில்லை. அது ஏன் என்பதையும், அதனைப் பேசவைக்கும் வழியையும், பேசவைக்க முடியாத இடத்தில் காலத்தை வீணாக்காது விலகும் வழியையும் இப்பாடத்தில் படிப்படியாக நோக்குவோம்.

இன்று இதனைக் கற்பதால் என்ன பயன் என்று கேட்பது நியாயமே. அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனமே தனது டயல்-அப் சேவையை 2025 செப்ரெம்பர் 30ஆந் திகதியுடன் நிறுத்திவிட்டது. ஆயினும் அன்பளிப்பாகக் கிடைக்கும் பழைய பொருட்களில் எதனை ஏற்பது, எதனை விடுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்களுக்கு இச்சிறு கருவி நல்லதோர் ஆசிரியன்.

1. மொடெம் செய்யும் வேலை

கணனியின் மொழி பூச்சியமும் ஒன்றும். தொலைபேசிக் கம்பியோ மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டது. கணனியின் பிற்றுகளை ஒலியாக மாற்றி அனுப்புவதும், வரும் ஒலியை மீண்டும் பிற்றுகளாக மாற்றுவதுமே மொடெமின் தொழில். இரு முனையிலும் சாதாரண தொலைபேசிக் கம்பி இருந்தால் கூடிய வேகம் செக்கனுக்கு 33,600 பிற்றுகள். 1998இல் வந்த வி.90 நியமம் 56,000 வரை அனுமதித்தது. ஆனால் அது சேவை வழங்குநரின் முனை எண்முறை இணைப்பாக இருக்கும்போது, நம்மை நோக்கி வரும் திசையில் மட்டுமே.

இவ்வேகத்தின் அளவை உணர ஒரு கணக்கு: 33,600 வேகத்தில் 5 கிலோபைற் கொண்ட கடிதம் ஒன்று ஏறத்தாழ ஒரு செக்கனில் போய்விடும். 2 மெகாபைற் கொண்ட படத்திற்கு எட்டு நிமிடம் வேண்டும்.

மொடெமுக்குக் கட்டளையிடும் மொழி 1981இல் ஹேய்ஸ் நிறுவனத்தின் 'ஸ்மாட்மொடெம்' கருவியுடன் வந்தது. ஒவ்வொரு கட்டளையும் 'ஏ.ரி.' என்ற இரு ஆங்கில எழுத்துகளுடன் தொடங்கும். 'கவனி' என்பதே அதன் பொருள். பிற நிறுவனங்களும் இம்மொழியையே பின்பற்றின. ஆகவே எந்தக் கணனியும், எந்த இயக்குதளமும் எந்த மொடெமுடனும் பேச முடிந்தது.

2. மூளை எங்கே இருக்கிறது?

1990களின் பிற்பகுதியில் செலவைக் குறைக்க உற்பத்தியாளர் ஒரு வழி கண்டனர். மொடெமில் இருந்த மூளையை அகற்றிவிட்டு, அதன் வேலையைக் கணனியின் பிரதான செயலியிடம் ஒப்படைத்தனர். அதற்கான மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டது. இவையே 'வின்மொடெம்' எனப் பொதுவாக அழைக்கப்படுபவை. எனவே எமது முதல் வினா 'இதனை எப்படி இயக்குவது?' என்பதன்று. 'இதன் மூளை எங்கே, அதன் சாவி யார் கையில்?' என்பதே. விடை மூன்று வகைப்படும்.

(அ) முழு மொடெம்: மூளை கருவிக்குள்ளேயே உண்டு. தொடர் வாயிலில் செருகும் வெளி மொடெம்களும், 16 பிற் பி.சி. அட்டை மொடெம்களிற் பெரும்பாலானவையும் இவ்வகையின. இவற்றுக்குத் தனி இயக்கி மென்பொருள் தேவையில்லை.

(ஆ) சாவி திறந்துவிடப்பட்ட மொடெம்: ஐ.பி.எம். திங்க்பாட் 600, 600ஈ, 770 ஆகியவற்றில் 'எம்வேவ்' என்ற சில்லுத் தொகுதி இருந்தது. மென்பொருளை ஏற்றினாலன்றி அது மொடெமாகாது. ஐ.பி.எம். லினக்ஸுக்கான இயக்கியைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது, அது 2.4 வரிசை லினக்ஸ் கருவகத்தில் இடம்பெற்றது. அதனோடு பின்னணியில் இயங்கும் துணை நிரலொன்றும் வேண்டும். இரண்டும் சேர்ந்தபின் அது சாதாரண தொடர் வாயிலாகத் தோன்றி, 'ஏ.ரி.' கட்டளைகளுக்குப் பணிகிறது.

(இ) சாவி பூட்டப்பட்ட மொடெம்: கொனெக்சன்ற் சில்லுகளுக்கு லினக்ஸான்ற் நிறுவனம் இயக்கி வெளியிட்டது, ஆனால் இலவசப் பதிப்பின் வேகம் 14,400 பிற்றுகளைத் தாண்டாது. ஸ்மாட்லிங்க் மொடெமுக்கான நிரலின் முக்கிய பகுதி மூலநிரலின்றி, 32 பிற் கணனிக்குரிய வடிவில் மட்டுமே கிடைத்தது. கருவகம் மாறும்போது இத்தகைய இயக்கிகளைத் திருத்த வெளியார் எவராலும் இயலாது.

3. இனங்காணும் முறை

இங்கு கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் தருகிறோம். விசைப்பலகையில் அவற்றை ஆங்கில எழுத்துகளாக, இடையே புள்ளியின்றித் தட்ட வேண்டும்.

முதலில் 'எல்.எஸ்.பி.சி.ஐ.' கட்டளையை இட்டு, வரும் பட்டியலைப் பார்க்கவும். மொடெம் 'தொடர் கட்டுப்படுத்தி' எனக் குறிக்கப்பட்டிருந்தால் நம்பிக்கை உண்டு. 'தொடர்பாடல் கட்டுப்படுத்தி' எனக் கண்டால் அது பெரும்பாலும் (இ) வகையே.

அடுத்து வாயிலின் பெயர். விண்டோஸ் ஒன்றிலிருந்து எண்ணும். லினக்ஸ் பூச்சியத்திலிருந்து எண்ணும். விண்டோஸின் 'கொம் 1' லினக்ஸில் 'ரி.ரி.வை.எஸ். 0', 'கொம் 2' என்பது 'ரி.ரி.வை.எஸ். 1'. இந்த ஓர் எண் வேறுபாட்டால் வீணாகும் மாலைப்பொழுதுகள் பல.

பழைய மடிக்கணனிகளில் அகச்சிவப்பு வாயிலும் மொடெமும் ஒரே வளத்துக்குப் போட்டியிடுவதுண்டு. அகச்சிவப்பு வாயில் தேவைப்படாவிடின், கணனி தொடங்கும்போது வரும் பயொஸ் அமைப்பில் அதனை மூடிவிடலாம்.

4. பேசிப் பார்த்தல்

• டெபியன் போன்ற லினக்ஸ்களில் பயனர் 'டயல்அவுட்' குழுவில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையெனில் வாயில் அவருக்குத் திறக்காது.
• 'மினிகொம்' நிரலைத் திறந்து, சரியான வாயிலைக் கொடுத்து, வேகத்தை 115200 என அமைக்கவும்.
• 'ஏ.ரி.' எனத் தட்டி என்ரர் விசையை அழுத்தவும். 'ஓ.கே.' என்று மறுமொழி வந்தால் மொடெம் உயிருடன் உள்ளது. வேலையின் பெரும்பகுதி முடிந்தது.
• 'ஏ.ரி.டி.ரி.' என்பதுடன் உங்கள் கைத்தொலைபேசி இலக்கத்தைச் சேர்த்துத் தட்டவும். கைத்தொலைபேசி ஒலித்தால் கம்பியும் நன்று.

5. இணைத்தல்

'டபிள்யூ.வி.டயல்' நிரலுடன் வரும் அமைப்பு நிரல் வாயில்களைத் தானே தேடி, மொடெமைக் கண்டு, அமைப்புக் கோப்பை எழுதிவிடும். அதில் தொலைபேசி இலக்கம், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் நாம் நிரப்ப வேண்டும். அழைப்பு இணைந்தபின் 'பி.பி.பி.' என்ற நிரல் பொறுப்பேற்று, கணனிக்கு முகவரி பெற்றுத் தருகிறது.

சேவை வழங்குநர் இல்லாவிடினும் இது பயன்படும். இரண்டு நிலையங்களில் தொலைபேசிக் கம்பி இருந்தால், ஒரு கணனியில் 'எம்.கெற்றி' நிரல் அழைப்பை ஏற்க, மற்றைய கணனி அழைத்துக் கோப்புகளை அனுப்பலாம். இதற்கு இணையமே தேவையில்லை.

6. வழமையான தடைகள்

டயல் ஒலி இல்லை என்ற செய்தி: மொடெம் எதிர்பார்க்கும் ஒலியும் எமது தொலைபேசி நிலையத்தின் ஒலியும் வேறாக இருக்கலாம். 'ஏ.ரி.எக்ஸ். 3' எனக் கொடுத்தால் அது ஒலிக்காகக் காத்திராமல் அழைக்கும்.

இணைந்தவுடன் துண்டிப்பு: கம்பி இரைச்சலே பெரும்பாலும் காரணம். அதே கம்பியில் உள்ள வேறு தொலைபேசிகளைக் கழற்றிப் பார்க்கவும். வேகத்தைக் குறைப்பதும் உதவும்.

கம்பியில்லாத் தொலைபேசி, இணையவழித் தொலைபேசி: இவை குரலைச் சுருக்கி அனுப்புபவை. காதுக்கு அது போதும். மொடெமின் ஒலி அதில் சிதைந்துவிடும். நல்ல மொடெமும் இங்கே தோற்கும்.

அலுவலக உள்ளகத் தொலைபேசி: எண்முறைச் சுவர்த்துவாரத்தில் மொடெமைச் செருகக் கூடாது. மின்னோட்டம் அதனைக் கெடுத்துவிடும்.

இடிமின்னல்: மின்சாரக் கம்பியை மட்டும் கழற்றுவது போதாது. தொலைபேசிக் கம்பியையும் கழற்றவும். பருவப் பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட மாதங்களின் பிற்பகல்களில் இது கட்டாயம்.

7. எங்கே நிறுத்துவது?

(இ) வகை மொடெமுடன் வாரக்கணக்கில் போராடுவது கல்விக்கு நன்று, பணிக்கு நன்றன்று. ஒரு நாள் முயன்றும் 'ஓ.கே.' வராவிடின் உள்ளிருக்கும் மொடெமை மறந்துவிடவும். தொடர் வாயில் இருந்தால் பழைய வெளி மொடெம் போதும். யு.எஸ்.பி. வாயில் மட்டும் இருந்தால் யு.எஸ். ரொபொற்றிக்ஸ் 5637 போன்ற, மூளையுள்ள யு.எஸ்.பி. மொடெம் பொருந்தும்.

லினக்ஸையும் பார்த்தே தெரிவுசெய்ய வேண்டும். 2025இல் வெளியான டெபியன் 13இல் பழைய 32 பிற் கணனிகளுக்கான நிறுவியும் கருவகமும் இல்லை. அத்தகைய கணனிக்கு டெபியன் 12 அல்லது அதற்கு முந்தியதே ஏற்றது.

8. கற்றது வீண்போகாது

கைத்தொலைபேசி வலையமைப்புக்கான யு.எஸ்.பி. 'டொங்கிள்' பலவும் உள்ளே அதே 'ஏ.ரி.' மொழியையே பேசுகின்றன. லினக்ஸில் அவை தொடர் வாயிலாகவே தோன்றும். வழமையான தொலைபேசி இலக்கத்துக்குப் பதிலாக '*99#' என அழைத்தால் அதே 'பி.பி.பி.' இணைப்பு உருவாகிறது. 1981இன் மொழி இன்னும் உயிர்வாழக் காரணம், அதனை எவரும் பூட்டி வைக்கவில்லை என்பதே. மறுபுறம், ஐ.பி.எம். சாவியைத் திறந்துவிட்டதால் 1998இன் திங்க்பாட் 600இன் மொடெமுக்கு லினக்ஸில் வாழ்வு கிடைத்தது. அதற்குப் பின் வந்த மொடெம்கள் பல, குறையேதுமின்றி இருந்தும் ஊமையாயின. ஆகவே ஒரு கருவியை விலைக்கு வாங்கும்போதோ அன்பளிப்பாக ஏற்கும்போதோ அதன் வேகத்தையும் தோற்றத்தையும் மட்டும் பார்த்தல் போதாது. செய்தவர் கைவிட்ட பின்னும் அதனைத் திருத்தும் அறிவு எமக்குக் கிடைக்குமா என்று கேட்க வேண்டும்.

குழுவில் கலந்துரையாட:

1. எமது நிலையத்தில் பயன்படாது கிடக்கும் கருவிகள் எவை? அவை பழுதடைந்தவையா, இயக்கி மென்பொருள் இல்லாதவையா?
2. அவற்றைத் திருத்தும் அறிவு எமது ஊரில் யாரிடம் உண்டு? அவரிடமிருந்து இளையோர் கற்க என்ன ஒழுங்கு செய்யலாம்?
3. அடுத்த அன்பளிப்பை ஏற்குமுன் கொடுப்பவரிடம் நாம் கேட்க வேண்டிய மூன்று வினாக்கள் எவை?