கரடி உரிக்கும் மரங்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்குக் கரையிலுள்ள வாஷிங்டன், ஓரிகன் மாகாணங்களில் டக்ளஸ் பர் என்னும் ஊசியிலை மரத்தைப் பயிர்போல நட்டு, பல பத்தாண்டுகள் காத்திருந்து வெட்டி விற்கின்றனர். வீடு கட்டுவதற்கு மிகவும் ஏற்ற மரம் அது. ஆடு கடித்த இளங்கன்றுக்குப் பதிலாக வேறொன்றை அடுத்த வருஷமே நட்டுவிடலாம். இம்மரத்திற்கோ 15 முதல் 25 வயதில், இனிப் பயமில்லையென்று உடையவர் எண்ணியிருக்கும் சமயத்தில், கருங்கரடியால் சேதம் நேர்கிறது.

குளிர்காலத்தை உணவின்றிக் கழித்து, வசந்தத்தில் மெலிந்து வெளிவரும் கரடிக்குக் காட்டில் பழங்கள் இன்னும் கனிந்திரா. அப்பருவத்தில் பட்டையின் உட்புறத்தே சர்க்கரைச் சத்து ஏறியிருக்கும். கரடி அடிமரத்துப் பட்டையை நகத்தால் கிழித்து, உள்ளிருக்கும் இளம்பகுதியைப் பற்களால் சுரண்டித் தின்னும். ஒரே கரடி ஒரு நாளில் 60, 70 மரங்கள் வரை உரித்துவிடக்கூடும். சுற்றிலும் பட்டையிழந்த மரம் பட்டுப்போகும். ஒருபுறம் மட்டும் இழந்தது பிழைப்பினும், காயத்தின் வழியே அழுகல் நுழைந்து, நல்ல விலை போகக்கூடிய அடித்துண்டைக் கெடுக்கும்.

நன்கு பராமரித்த தோப்பே அதிகம் பாழாவது வருந்தத்தக்கது. நெருக்கமான மரங்களைக் கலைத்து உரமிட்டால் எஞ்சியவை செழிக்கும்; கரடியும் அவற்றையே நாடும். சவலை மரம் அதற்கும் வேண்டியதில்லை போலும்! கீழ்க்கிளைகளைக் கழித்த மரங்களில் அடிப்பகுதிச் சர்க்கரை குறைந்து, சேதமும் குறைவதாக ஆராய்ச்சியில் தெரிந்தது.

நெடுங்காலம் கரடியைக் கொல்வதே பரிகாரமாகக் கருதப்பட்டது. ஒன்றைக் கொன்றால் அவ்விடத்திற்கு வேறொன்று வரும். மரத்தைத் தொடாத கரடியும் மடியும். மேலும், 1994-ல் ஓரிகனிலும் 1996-ல் வாஷிங்டனிலும் பொதுஜனங்கள் வாக்களித்து, நாய்களை ஏவியும் இரை வைத்தும் கரடி வேட்டையாடுவதைத் தடுத்தனர்.

அதற்கு முன்னரே, 1985-ல், வாஷிங்டனில் காட்டுடையோர் சங்கமொன்று வேறு வழியை மேற்கொண்டது. வசந்தத்தில் இனிப்புச் சேர்ந்த தீனி உருண்டைகளைக் காட்டில் வைத்தனர். கரடிகள் அவற்றைத் தின்று மரங்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டன. பழங்கள் கனிந்ததும் தீனியையும் விட்டு அகன்றன. கரடிக்கு எல்லைக்கல் தெரியாதாகையால், உடையவர்கள் தனித்தனியே முயல்வதைவிடச் சங்கமாகச் செய்தது மிகவும் பயனளித்தது. தீனிக்குச் செலவு பிடிக்குமாதலால் காடு முழுவதும் வைக்காமல், உரிப்புக் கண்ட தோப்புகளிலேயே வைத்தனர்.